வீட்டுச் சாகசத்துக்கு ஒரு முகப்புப் படம்

வீடியோ கேம் ஒன்றைத் தொடங்கியதும், ஆட்டத்தை ஆட்டக்காரர் கையில் கொடுப்பதற்கு முன் ஓடும் ஒன்றிரண்டு நிமிடப் படத்தை அறிமுகப் படம் என்பார்கள். விளையாடுகிறவர்களின் பேச்சில் அது ‘இன்ட்ரோ’. எந்த ஊர், என்ன காலம், யார் செத்தது, யாரைத் தேட வேண்டும் என்பதையெல்லாம் கூத்தில் கட்டியங்காரன் சொல்லிவிட்டு ஒதுங்குவதைப்போல அது சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆட்டங்களைத் தயாரித்த நிறுவனங்கள் இதற்கென்றே ஓவியர்களையும் அனிமேஷன் கலைஞர்களையும் அமர்த்தின. அந்த நிறுவனங்கள் வெளியிட்ட கருவிகளைக் கொண்டு வீட்டில் உட்கார்ந்து சொந்தச் சாகசங்களைக் கட்டியவர்களுக்கும் தங்கள் ஆட்டத்துக்கு அப்படியொரு முகப்பு வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அந்த ஆசை நிறைவேறும் வழி பலமுறை மாறியிருக்கிறது. அதைத் தீர்மானித்ததில் படமெடுக்கும் திறமைக்கு இருந்த பங்கைவிட இரண்டு கேள்விகளுக்கு இருந்த பங்கு பெரிது: எந்த வகைக் கோப்பை ஆட்டம் ஏற்கும்? அந்தக் கோப்பைச் செய்யும் கருவி யார் கையில் இருக்கிறது?

தொடக்கத்தில் இருந்தது அசையாத ஒற்றைப் படம். பிரிட்டனில் 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி ஆட்டங்களை ஒலிநாடாவிலிருந்து படித்துக்கொள்ளும். நாடா ஓடி முடியப் பல நிமிடங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பை நிரப்ப, முதலில் ஒரு முழுத்திரைப் படம் ஏற்றப்படும். அதன் அளவு 6,912 பைட். அது மட்டும் நாடாவிலிருந்து இறங்க 40 வினாடிகள் பிடிக்கும். முதலில் கறுப்பு வெள்ளைக் கோடுகளாகத் திரை நிரம்பும், கடைசியில் வண்ணங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டின் பேரி நகரிலிருந்த கில்சாஃப்ட் நிறுவனம் கிரேம் யாண்டில் எழுதிய ‘தி குவில்’ என்ற கருவியை வெளியிட்டது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இடங்கள், பொருள்கள், கட்டளைகள் என்று நிரப்பிக்கொண்டே போனால் ஓர் உரைச் சாகசம் உருவாகிவிடும். அதில் படத்துக்கு இடமில்லை. 1984-இல் ‘தி இல்லஸ்ட்ரேட்டர்’ என்ற துணைக்கருவி வந்த பிறகு ஓவியமும் சேர்ந்தது. ஆனால் 48 கிலோபைட் நினைவகத்தில் ஓவியங்களை அப்படியே வைத்துக்கொள்ள வழியில்லை. கோடு இங்கே தொடங்கு, அங்கே முடி, இந்த இடத்தில் நிறம் நிரப்பு என்ற கட்டளைகளாகத்தான் அவை சேமிக்கப்பட்டன. ஆட்டக்காரரின் கண்முன்னே கோடுகோடாக ஒரு கோட்டை எழும்பும். பிறகு அதற்குள் நிறம் பாயும். படம் வரையப்படும் காட்சியே அசையும் படம்போலத் தோன்றியதற்குக் கணினியின் வேகக்குறைவுதான் காரணம். ஆனாலும் அதைக் கண்கொட்டாமல் பார்த்தவர்கள் உண்டு.

அமெரிக்காவிலும் அதே பத்தாண்டின் நடுவில் ‘அட்வென்சர் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ போன்ற கட்டுமானக் கருவிகள் கடைகளில் விற்றன. 1993-இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் ‘அன்லிமிட்டட் அட்வென்சர்ஸ்’ வெளியிட்டபோது, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைச் சாகச ஆட்டத்தின் விதிகளின்படி ஒருவர் தன் சொந்த நிலவறைகளைக் கட்டிப் படங்களையும் உள்ளே சேர்க்க முடிந்தது. அங்கும் முகப்பு என்றால் ஒரு படமும் நாலைந்து வரி உரையும்தான்.

அசைவு முதலில் வந்தது வேறொரு பக்கத்திலிருந்து. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’, தன் தரவுகளையெல்லாம் வாட் என்ற கோப்பில் வைத்திருந்தது. வெளியாட்கள் செய்த வாட் கோப்பைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டது. அதில் முகப்புப் படத்துக்கு ஒரு பெயர், முகப்பைத் தொடர்ந்து தானாக ஓடும் பதிவுகளுக்குச் சில பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களில் தன்னுடையதை வைத்துவிட்டால், ஆட்டம் திறந்தவுடன் தான் கட்டிய அரங்கில் தானே ஆடிய ஆட்டம் ஓடும். இந்தப் பதிவில் படம் என்று எதுவும் கிடையாது. ஆடியவர் எந்த நொடியில் எந்த அசைவைச் செய்தார் என்பது மட்டும் வினாடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நிமிடக் காட்சிக்கு 8,400 பைட் போதும். டூம் அதைப் படித்து அந்த ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டும். சிக்கனத்தில் இதை மிஞ்ச எதுவும் வரவில்லை. பலவீனமும் அந்தச் சிக்கனத்திலேயே இருந்தது: ஆட்டத்தின் பதிப்பு மாறினால், அரங்கில் ஒரு சுவர் நகர்ந்தால், பதிவில் இருப்பவர் கதவைத் தவறவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டே நிற்பார்.

1996-இல் வந்த ‘குவேக்’ இதை ஒரு படி முன்னே கொண்டுபோனது. அதன் பதிவுகளில் கேமராவின் இருப்பிடமும் அடங்கியிருந்ததால், பதிவைப் பிரித்து வேறு கோணத்திலிருந்து காட்டும் கருவிகளை ஆர்வலர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ரேஞ்சர்ஸ் என்ற ஆட்டக்குழு வெளியிட்ட ‘டயரி ஆஃப் எ கேம்பர்’ என்ற சிறு படம், ஆட்ட எந்திரத்துக்குள் கதைப்படம் எடுக்கும் வழக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் அந்த வழக்கத்துக்கு ‘மெஷினிமா’ என்று பெயர் ஒட்டியது.

சாகச ஆட்டங்களைக் கட்டியவர்கள் நாடியது வேறொரு வடிவத்தை. 1989-இல் ஆட்டோடெஸ்க் வெளியிட்ட ‘அனிமேட்டர்’ என்ற மென்பொருள், 320-க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள் கொண்ட சிறு அசைவுப் படங்களை எஃப்எல்ஐ என்ற கோப்பாக எழுதும். முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய புள்ளிகளை மட்டும் சேமிப்பது அதன் உத்தி. பின்னணி அசையாமல் ஒருவர் கையை மட்டும் அசைத்தால் கோப்பு சிறிதாகவே இருக்கும். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஜோன்ஸ் 1997-இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் ‘அட்வென்சர் கேம் ஸ்டூடியோ’ என்று பெயர்பெற்ற இலவசக் கருவி இந்த வகைக் கோப்புகளை ஓட்டத் தனிக் கட்டளையே வைத்திருந்தது. சியரா நிறுவனத்தின் பழைய சாகசங்களை நேசித்து வளர்ந்தவர்கள் அந்தக் கருவியில் தங்கள் சாகசங்களைக் கட்டியபோது, முகப்பையும் சட்டகம் சட்டகமாகக் கையால் வரைந்தார்கள்.

இதற்கிடையில் நிறுவனங்களின் முகப்புப் படங்கள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும் சிடி-ராம் வந்ததும் முழுநீள அனிமேஷனை ஆட்டத்தோடு சேர்த்து விற்க முடிந்தது. ஆனால் சிடி மட்டும் போதவில்லை. 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு முழுவண்ணச் சட்டகம் 9,21,600 பைட் இடம் கேட்கும்; வினாடிக்கு 30 சட்டகம் என்றால் இரண்டு நிமிடப் படத்துக்கு 3 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். சுருக்க வேண்டும், சுருக்கியதை மெதுவான கணினியும் திணறாமல் விரிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்த ரேட் கேம் டூல்ஸ் என்ற சிறு நிறுவனம் இந்த ஒரே வேலையில் தேர்ந்தது. 1994-இல் அது கொண்டுவந்த ‘ஸ்மாக்கர்’ 256 நிறப் படங்களைச் சுருக்கியது. ‘வார்கிராஃப்ட் 2’, ‘டயாப்லோ’ போன்ற ஆட்டங்களின் படங்கள் அதில்தான் ஓடின. 1999-இல் முழுவண்ணத்துக்கென ‘பிங்க்’ வந்தது. அடுத்த பத்தாண்டில் வெளிவந்த எத்தனையோ ஆட்டங்களின் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் சின்னம் தெரியும்.

பிங்க் விற்கப்பட்ட முறைதான் வீட்டுக் கலைஞர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆட்டத்துக்குள் பிங்க் படத்தை விரித்து ஓட்டும் நிரலுக்கு ஆட்ட நிறுவனம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். படத்தைப் பிங்க் கோப்பாகச் சுருக்கும் கருவியையோ ரேட் நிறுவனம் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளும்படி இலவசமாக வைத்திருந்தது. ஒருவர் விலைகொடுத்து வாங்கிய ஆட்டத்தில் ஓட்டும் நிரல் ஏற்கெனவே இருக்கிறது, சுருக்கும் கருவி சும்மா கிடைக்கிறது. ஆட்டம் மட்டும் வெளியார் செய்த கோப்பை ஏற்குமானால் வேலை முடிந்தது. கணக்குப்போட்டுத் திறந்த கதவாக இது தெரியவில்லை. ஆனாலும் இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய கதவு வேறில்லை.

அந்தக் கோப்பை ஏற்ற ஆட்டம் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’. கனடாவின் எட்மண்டன் நகரிலிருந்த பயோவேர் நிறுவனம் செய்து, இன்ஃபோகிராம்ஸ் 2002 ஜூனில் வெளியிட்டது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு விதிகளில் ஆடும் இந்த ஆட்டத்தின் பெட்டியிலேயே ‘அரோரா டூல்செட்’ என்ற கட்டுமானக் கருவியும் இருந்தது. காட்டையும் நகரையும் நிலவறையையும் சதுரச் சதுரமாக அடுக்கி, மனிதர்களை நிறுத்தி, அவர்களுக்கு உரையாடல் எழுதி, நிகழ்ச்சிகளுக்குச் சிறு நிரல்கள் சேர்த்தால் ஒரு சாகசம் தயார். அதற்கு ‘மாட்யூல்’ என்று பெயர். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் உருவாகின. நிறுவனத்தின் சொந்தக் கதையைவிட அவற்றையே அதிக நேரம் ஆடியவர்கள் உண்டு.

டூல்செட்டில் மாட்யூலின் பண்புகளைத் திறந்தால், தொடக்கப் படம் எது என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருந்தது. அதில் ஒரு பெயரை எழுத வேண்டும். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கோப்பின் பின்னொட்டு தேவையில்லை. மாட்யூல் தொடங்கும்போது, ஆட்டம் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் ‘மூவிஸ்’ என்ற உள்ஃபோல்டரில் அந்தப் பெயருள்ள பிங்க் கோப்பைத் தேடி ஓட்டும். ஆட்டத்தை முடித்துவைக்கும் நிரல் கட்டளையிலும் ஒரு படத்தின் பெயரைக் கொடுக்க முடியும். அது ஓடி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆக, படத்துக்கென்று இரண்டே இடங்கள்: வாசலில் ஒன்று, முடிவில் ஒன்று. நடுவில் படம் ஓட்ட வழியில்லை. வீட்டு மாட்யூல்களில் கதையின் பின்புலமெல்லாம் முகப்புப் படத்துக்குள் அடைக்கப்பட்டதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம். நூறாண்டுப் போர், மூன்று அரச வம்சம், ஒரு சாபம் எல்லாம் முதல் இரண்டு நிமிடத்திலேயே கொட்டப்படும். எழுதியவருக்கு அத்தனையும் பிரியமானவை. ஆட்டக்காரர் நினைவில் நிற்பதோ ஒன்றிரண்டு.

படம் தனிக் கோப்பாக வெளியே இருந்ததால் இன்னொரு சிக்கலும் வந்தது. மாட்யூலைப் பதிவிறக்கியவர் படத்தையும் தனியே இறக்கி, சரியான ஃபோல்டரில் தன் கையாலேயே வைக்க வேண்டும். 2002-இல் பலருடைய வீட்டில் தொலைபேசி மோடம்தான். 56 கிலோபிட் வேகம் முழுவதும் கிடைத்தாலும் 20 மெகாபைட் கோப்பு இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். நிஜத்தில் அந்த வேகம் கிடைப்பதில்லை. அதனால் ஒரு நிமிடப் படத்துக்கும் மூன்று நிமிடப் படத்துக்கும் இடையிலான தேர்வு, கலை சார்ந்ததாக இருந்த அளவுக்குத் தொலைபேசிக் கட்டணம் சார்ந்ததாகவும் இருந்தது. லினக்ஸில் ஆடியவர்களுக்கு அந்த ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. அவர்களுக்கான பதிப்பு படங்களை ஓட்டவே இல்லை. அவர்களுக்காகவும் யோசித்தவர்கள், படத்தில் சொன்னதை மாட்யூலின் முதல் உரையாடலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவைத்தார்கள்.

இனி, படம் உருவான வழி. பயோவேர் தன் ஆட்டத்தின் அத்தியாயங்களுக்கு நடுவே வைத்த படங்கள் பெரும்பாலும் ஓவியங்களின் மேல் கேமரா மெல்ல நகர, ஒரு குரல் கதை சொல்வதாக அமைந்தவை. வீட்டில் இருந்தவர்களுக்கு இது வரமாக அமைந்தது. முப்பரிமாண அனிமேஷன் அவர்களுக்கு எட்டாது. ஓவியமும் குரலும் எட்டும். அசையாப் படத்தின் மேல் கேமராவை நகர்த்திக் கதை சொல்லும் முறை திரைப்படத்தில் பழையது. கனடாவின் தேசியத் திரைப்படக் கழகம் 1957-இல் எடுத்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’, டாசன் நகரின் பழைய புகைப்படங்களை அப்படித்தான் உயிர்ப்பித்தது. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் அந்த முறையைத் தன் உள்நாட்டுப் போர்த் தொடரில் 1990-இல் வீடுதோறும் கொண்டுசேர்த்தார். 2003-இல் ஆப்பிளின் ஐமூவி அவர் பெயரிலேயே அதை ஒரு பொத்தானாக்கியது. மாட்யூல் ஆசிரியர்கள் பலர் விண்டோஸில் இருந்தவர்கள். 2000-இல் விண்டோஸ் எம்ஈ-யுடனும் பிறகு எக்ஸ்பி-யுடனும் சேர்ந்து வந்த மூவி மேக்கரே அவர்களுக்கு வாய்த்த எடிட்டிங் மேசை.

வேலை ஓவியத்தில் தொடங்குவதாகத் தோன்றும். அனுபவம் உள்ளவர்கள் குரலில்தான் தொடங்கினார்கள். முதலில் சொல்லவேண்டியதை எழுதி, வாய்விட்டுப் படித்து, நேரம் பார்ப்பது. எழுத்தில் கால் பக்கம் இருப்பது நிதானமாகப் படிக்கும்போது ஒரு நிமிடத்தை நெருங்கிவிடும்; அப்போதுதான் எவ்வளவு வெட்டவேண்டும் என்பது விளங்கும். வெட்டியதைப் பதிவுசெய்ய, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளியான ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் இருந்தது. மேசைக் கணினியின் மலிவு மைக்கில் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து பதியும். ஒரு வினாடி மௌனத்தை மாதிரியாகக் கொடுத்து அந்த இரைச்சலை உறிஞ்சி எடுக்கும் வசதி அதில் இருந்ததால் பல படங்கள் தப்பின. நல்ல குரல் தன்னிடம் இல்லாதவர், வேறு ஊரில் வேறு நாட்டில் இருக்கும் ஆர்வலரிடம் வசனத்தை அனுப்பி, பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

குரலின் நீளம் உறுதியான பிறகு படங்கள். பத்துப் பன்னிரண்டு ஓவியங்கள் இருந்தால் இரண்டு நிமிடத்தைத் தாங்கும். அளவில் ஒரு நுணுக்கம் உண்டு: திரை 640-க்கு 480 என்றால் ஓவியம் அதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமரா நெருங்கும்போது புள்ளிகள் பெருத்துக் கலங்கும். தேர்ந்தவர்கள் ஓவியத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்தார்கள். முன்னால் மரம், நடுவில் குதிரைவீரன், பின்னால் மலை என்று வெட்டி, ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்தில் நகர்த்தினால் தட்டையான படத்துக்குள் ஆழம் வந்துவிடும். மேலே லேசாகப் பனிப்புகையையோ எரிதழலின் பொறியையோ ஓடவிட்டால், பார்க்கிறவர் அசையாப் படத்தைப் பார்க்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். வரையத் தெரியாதவர்கள் ஆட்டத்தின் திரையையே படம்பிடித்து, அதன்மேல் தூரிகைப் பூச்சுபோன்ற வடிகட்டியைப் போட்டுக்கொண்டார்கள்.

இசையில்தான் பலர் சறுக்கினார்கள். பிரபலத் திரைப்படங்களின் பின்னணி இசையை எடுத்து ஒட்டுவது சாதாரணமாக நடந்தது. மனதுக்குப் பிடித்த காட்சி எந்த இசையோடு நினைவிலிருக்கிறதோ அதே இசை வேண்டும் என்ற ஆசையை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அது பிறர் உரிமை. மேலும், அந்த இசையைக் கேட்டவுடன் பார்ப்பவர் அந்தத் திரைப்படத்துக்குப் போய்விடுவார். புதிய கதையின் வாசலில் பழைய கதையின் மணி அடித்ததாகும். 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளியான பிறகு, கேட்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய இசை மெல்லமெல்லப் பெருகியது.

கடைசியில் சுருக்கம். எடிட்டிங் முடிந்த படத்தை முதலில் ஏவிஐ கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். மூவி மேக்கர் அதை டிஜிட்டல் வீடியோ கேமராக்கள் பயன்படுத்தும் டிவி-ஏவிஐ வடிவில் கொடுக்கும். இரண்டு நிமிடத்துக்கு 400 மெகாபைட்டுக்கு மேல். அதை ரேட் நிறுவனத்தின் கருவியில் திறந்து, வினாடிக்கு எத்தனை பைட் வரை செலவழிக்கலாம் என்று சொல்லி, ‘பிங்க்’ பொத்தானை அழுத்தினால் சில பத்து மெகாபைட்டுக்குள் இறங்கிவிடும். ஓவியத்தின் மேல் மெதுவாக நகரும் படங்கள் நன்றாகச் சுருங்கின. தீயும் மழையும் நிறைந்தவை சதுரச் சதுரமாக உடைந்தன. இருட்டான பகுதிகளில் படிக்கட்டுபோல வரிகள் தெரியும். சாகசக் கதைகளில் பாதி இருட்டில்தான் நடக்கும் என்பதால் இது சிறிய குறை அல்ல. விகிதத்தை மாற்றி மாற்றிச் சுருக்கி, ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் திறந்து பார்த்து, மறுபடியும் சுருக்கி என்று ஒரு வார இறுதி முழுவதும் இதிலேயே கழியும்.

இதற்கு மாற்றாக வேறொரு வழியும் வளர்ந்தது. நெவர்விண்டர் நைட்ஸுக்கு 2003-இல் வந்த விரிவாக்கங்களையொட்டி பயோவேர் ‘கட்சீன்’ கட்டளைகளைச் சேர்த்தது. ஆட்டக்காரரின் கட்டுப்பாட்டைச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, கேமராவை நிரல் சொல்லும் பக்கம் திருப்பி, பாத்திரங்களை நடக்கவும் பேசவும் வைத்து, திரையை இருளாக்கித் திரும்ப ஒளியூட்ட முடிந்தது. தனிக் கோப்பு வேண்டாம், பதிவிறக்கம் வேண்டாம், லினக்ஸ்காரருக்கும் தெரியும், கதையின் நடுவிலும் வைக்கலாம். அத்துடன் ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு எந்த முகமும் உடையும் தேர்ந்தெடுத்தாரோ அதே உருவம் காட்சியில் வரும். முன்கூட்டி எடுத்த படத்தால் இது முடியவே முடியாது. எல்லையும் இருந்தது. இந்த எந்திரம் மேலிருந்து கீழே பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. உள்ளறைகள் பெரும்பாலானவற்றுக்குக் கூரையே கிடையாது. பேசும்போது பாத்திரங்களின் உதடு அசையாது. நெருக்கக் காட்சி எடுத்தால் மரப்பாச்சி பேசுவதுபோல இருக்கும்.

சிலர் இரண்டையும் இணைத்தார்கள்: ஆட்டத்துக்குள் காட்சியை நடத்தி, ‘ஃப்ராப்ஸ்’ போன்ற மென்பொருளால் திரையைப் பதிவுசெய்து, வெளியே எடிட் செய்து பிங்க் கோப்பாக்கினார்கள். ஃப்ராப்ஸின் இலவசப் பதிப்பு 30 வினாடிதான் பதியும். மேலே தன் பெயரையும் முத்திரையிடும். காட்சிகளை அரை நிமிடத்துக்குள் துண்டாக்கி எடுப்பதும், முத்திரை விழும் மேல்விளிம்பைக் கறுப்புப் பட்டையால் மறைப்பதும் அதற்குத் தெரிந்த வைத்தியம். இந்த வழியில் மிகத் தொலைவு போனது ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த ஸ்டிரேஞ்ச் கம்பெனி. மெஷினிமா என்ற சொல்லையும் கலையையும் பரப்பியவர்களில் முதன்மையானவரான ஹியூ ஹான்காக் இயக்கத்தில், நெவர்விண்டர் நைட்ஸ் எந்திரத்தைக் கொண்டே அவர்கள் எடுத்த ‘பிளட்ஸ்பெல்’ 2006-இல் தொடராகவும் 2007-இல் முழுநீளப் படமாகவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. முகப்புக்காக வளர்ந்த கைவேலை அங்கே முகப்பை விட்டு வெளியேறித் தனிப் படமாகவே நின்றது.

அதே காலத்தில் இன்னொரு ஆட்டத்தைச் சுற்றி இந்தக் கைவேலை வேறு தரத்தில் நடந்துகொண்டிருந்தது. மாசசூசெட்ஸின் லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ‘தீஃப்’ ஆட்டத்தில் பெரும்பாலான பணிகளின் தொடக்கத்திலும் ஒரு சிறு படம் உண்டு. நிழலுருவங்கள், துண்டு ஓவியங்கள், மங்கிய எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று நகர, திருடன் காரெட் தன் அடுத்த வேலையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவான். 1999-இல் ‘டிராமெட்’ என்ற கட்டுமானக் கருவி வெளியானதும் ரசிகர்கள் சொந்தப் பணிகளைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பாணிப் படம் இல்லாத பணி அவர்களுக்கே குறையாகப் பட்டது. 2000-இல் நிறுவனம் மூடப்பட்ட பின்னும் வேலை நிற்கவில்லை. ‘ஷேடோஸ் ஆஃப் தி மெட்டல் ஏஜ்’ என்ற ரசிகர் விரிவாக்கம் ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் 2005-இல் 13 பணிகளோடும் அவற்றுக்கான படங்களோடும் வந்தது. ஒரு விற்பனை ஆட்டத்தின் பக்கத்தில் தயக்கமில்லாமல் வைக்கத்தக்க வேலை அது.

தீஃப் படங்களின் பின்னால் இருந்த கோப்புக் கதை கசப்பானது. அவை இன்டெல் உருவாக்கிய ‘இன்டியோ’ என்ற சுருக்க முறையில் இருந்தன. ஓட்டும் நிரல் ஆட்டத்துக்குள் இருக்கவில்லை, விண்டோஸில் இருந்தது. 2009 டிசம்பரில், பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டும் நிரலைப் பழைய விண்டோஸ்களில் முடக்கியது. நிறுவனத்தின் படங்களும் ரசிகர்களின் படங்களும் ஒருசேரக் கறுப்புத் திரையாயின. 2012-இல் பெயர் சொல்லாத ஒருவர் வெளியிட்ட ‘நியூடார்க்’ மேம்பாடு பழைய ஆட்டத்தைப் புதிய கணினிகளில் ஓடச்செய்தபோது, படம் ஓட்டும் பொறுப்பையும் விண்டோஸிடமிருந்து எடுத்துக்கொண்டது.

பயோவேர் 2009-இல் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ ஆட்டத்துக்குக் கொடுத்த டூல்செட்டில் காட்சி எடிட்டரே உள்ளடங்கியிருந்தது: காலக்கோடு, கேமரா, முகபாவம் எல்லாம் ஒரே இடத்தில். வசதி பெருகியதோடு வேலையும் பெருகிவிட்டது. அசையும் முகமும் குரலும் கொண்ட ஒரு காட்சிக்குத் தேவைப்பட்ட உழைப்பு, ஒருவர் மாலை நேரங்களில் செய்யும் அளவைத் தாண்டியது. நெவர்விண்டர் நைட்ஸுக்கு வந்ததைப்போல வீட்டு மாட்யூல்களின் வெள்ளம் அதற்கு வரவில்லை.

நெவர்விண்டர் நைட்ஸோ இன்னொரு வாழ்வு பெற்றது. பயோவேரில் அதன் உருவாக்கத்தில் முன்னணியில் இருந்த டிரென்ட் ஆஸ்டர் நிறுவிய பீம்டாக் நிறுவனம் 2018-இல் அதன் மேம்பட்ட பதிப்பை வெளியிட்டது. அதில் படங்கள் பிங்க்கிலிருந்து, கட்டணமில்லாத வெப்எம் வடிவத்துக்கு மாறின. பதினாறு ஆண்டுகளாகச் சேர்ந்த வீட்டு முகப்புப் படங்கள் அப்படியே ஓடாது என்பது அதன் பொருள். ஆனால் 2010-இலேயே எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூலக் கருவி பிங்க் கோப்புகளைப் படிக்கக் கற்றிருந்தது. ஒரு வரிக் கட்டளையில் பழைய படத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடலாம். மாட்யூலைத் திறக்கவோ திருத்தவோ அவசியமில்லை. 2002-இல் டூல்செட்டின் அந்தச் சிறு கட்டத்தில் எழுதப்பட்டது 16 எழுத்துக்குட்பட்ட பெயர் மட்டும்தான். கோப்பின் வகை அதில் குறிக்கப்பட்டிருக்கவில்லை.